விழித்திருந்த இரவுகள்: சென்னைப் பல்கலைக்கழகத் தேர்வுமுறையும் மாணவர் உறக்கமின்மையும்

ஆய்வுச் சுருக்கம்

பல்கலைக்கழகத் தேர்வுக்கான திருப்புதல் காலத்தில் மாணவர் அடையும் மன அழுத்தமும் உறக்கமின்மையும் பெரும்பாலும் தனிமனிதக் குறைகளாகவே கருதப்படுகின்றன. அவற்றுக்கு ஒரு வரலாறு உண்டு என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. 1857 இல் சென்னையில் நிலைபெற்ற தேர்வுமுறை, நெடுங்காலக் கல்வியின் தீர்ப்பைச் சில நாள்களில் குவித்தது. அக்குவிப்பின் சுமை மாணவரின் இரவுகள்மீது இறங்கியது. அச்சுமையைத் தணித்தவற்றுள் வலுவானவை, இரண்டாம் வாய்ப்பை அளித்த அமைப்பு மாற்றங்களும் செவிமடுக்க ஆளை ஏற்படுத்திய பொதுச் சேவைகளுமே என்பது கட்டுரையின் முடிபு. நன்னூல் கூறும் கற்றல் முறை, காலனியக் காலத் தேர்வுகள், கல்விக் குழுக்களின் அறிக்கைகள், உறக்கம் குறித்த அறிவியல் ஆய்வுகள், தேனாம்பேட்டையிலிருந்து இயங்கும் 104 சேவை ஆகியன இங்கு ஆய்வுப் பொருளாகின்றன.

திறவுச்சொற்கள்: தேர்வுமுறை, உறக்கமின்மை, சென்னைப் பல்கலைக்கழகம், நன்னூல், துணைத் தேர்வு, தேனாம்பேட்டை

1. முன்னுரை

சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டைப் பகுதியில், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் வளாகம் அமைந்துள்ளது. நகர மக்கள் இதனை டி.எம்.எஸ். வளாகம் என்றே வழங்குவர். அருகிலுள்ள மெட்ரோ நிலையமும் அப்பெயரைத் தாங்கியுள்ளது. 2013 ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கப்பெற்ற 104 மருத்துவ உதவிச் சேவை இவ்வளாகத்திலிருந்து இயங்கி வருகிறது. நோய், மருந்து, மருத்துவமனை ஆகியவை பற்றிய ஐயங்களைத் தொலைபேசி வழித் தீர்ப்பதற்காக ஏற்பட்ட சேவை இது. ஆயினும் பொதுத்தேர்வுகள் நடைபெறும் மாதங்களிலும் முடிவுகள் வெளியாகும் நாள்களிலும் மாணவரும் பெற்றோரும் நாடும் எண்ணாகவும் இது மாறியது. 2021 செப்டம்பரில் நீட் தேர்வையொட்டி மாணவர் சிலர் உயிரிழந்த சூழலில், அத்தேர்வை எழுதிய ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழக மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்துப் பேசும் பணியை மாநில அரசு இச்சேவையின் வழியே மேற்கொண்டது. 

நோய்க்கென ஏற்பட்ட எண் தேர்வுக்குரிய எண்ணாகவும் ஆனது எவ்வாறு? தேர்வு என்னும் கல்விச் செயல் எப்போது உடல்நலத் துறையின் கவலையாயிற்று? இவ்வினாக்களுக்கு விடை காணத் தேர்வுமுறையின் வரலாற்றையும் அதனோடு வளர்ந்த இரவு விழிப்பின் வரலாற்றையும் ஒருசேர நோக்க வேண்டும். கல்வி வரலாற்றாய்வுகள் பாடத்திட்டம், பயிற்றுமொழி, நிறுவன வளர்ச்சி ஆகியவற்றை விரிவாகப் பேசியுள்ளன. மாணவரின் உடல் அவ்வரலாற்றில் அடைந்த இடம் குறைவே. அவ்விடத்தை நிரப்பும் சிறு முயற்சியாக இக்கட்டுரை அமைகிறது.

2. தேர்வுக்கு முந்தைய கற்றல் மரபு

தமிழில் கற்றல் முறையைத் தொகுத்துரைக்கும் முதன்மையான நூல் பவணந்தி முனிவரின் நன்னூல். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த இந்நூலின் பொதுப்பாயிரம், கற்பிப்போர் இலக்கணத்தையும் கற்போர் இலக்கணத்தையும் வகுத்துரைக்கிறது. அதில் நமது ஆய்வுக்கு உதவும் ஒரு கணக்கு உள்ளது. ஒரு பாடத்தை ஒருமுறை கேட்டவன் மறுமுறையும் கேட்டால் பிழை குறையும். மூன்றாம் முறை கேட்டால் முறையறிந்து உரைக்கும் ஆற்றல் பெறுவான். ஆசிரியர் உரைத்ததை முழுமையாக உள்ளத்திற் கொண்டாலும் புலமையில் கால்பங்கே கைகூடும். உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால்பங்கும், தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிறைவுறும்.

இக்கணக்கில் இரண்டு செய்திகள் உள்ளன. கற்றல் காலத்தில் பரவிக் கிடக்கிறது. ஒருமுறை, இருமுறை, மும்முறை என அது மீள மீள நிகழ்கிறது. அன்றியும் கற்றல் மனிதரிடையே பரவிக் கிடக்கிறது. ஆசிரியர், உடன் பயில்வோர், கேட்போர் என மூவகையினரும் அதில் பங்கு கொள்கின்றனர். தனித்திருந்து ஓரிரவில் ஒரு நூலைப் படித்து முடித்தல் என்னும் செயலுக்கு நன்னூலின் கணக்கில் இடமே இல்லை.

திண்ணைப் பள்ளிகளின் நடைமுறையும் இவ்வாறே மீள்நினைவை அடிப்படையாகக் கொண்டது. உ.வே. சாமிநாதையர் தம் தன்வரலாறான ‘என் சரித்திரம்’ நூலில், மாலையில் வீடு திரும்பும் மாணவர் ஒவ்வொருவருக்கும் பூ, பறவை, ஊர் முதலியவற்றுள் ஒன்றன் பெயரைச் சொல்லியனுப்பி, மறுநாட் காலையில் அதனைக் கேட்டறியும் வழக்கத்தைப் பதிவு செய்துள்ளார். மாலைக்கும் காலைக்கும் இடையில் இருப்பது இரவு. அவ்விரவு உறங்குவதற்குரியதாக விடப்பட்டு, உறங்கியெழுந்த பின்னர் நினைவு சோதிக்கப்பட்டது. திண்ணைப் பள்ளிகளில் கடுந்தண்டனைகளும் சாதி விலக்கும் நிலவின என்பதை மறுத்தற்கில்லை. அவற்றை இலட்சியப்படுத்துவது இக்கட்டுரையின் நோக்கமும் அன்று. சோதித்தல் அன்றாடக் கற்றலின் பகுதியாகச் சிறுசிறு அளவில் நிகழ்ந்தது என்பதே இங்குக் கொள்ளத்தக்கது.

விழிப்பைப் போற்றும் அறமரபு ஒன்றும் தமிழில் உண்டு. திருக்குறள் மடியின்மை அதிகாரத்தில் கெடுவார் விரும்பும் நான்கனுள் துயிலையும் வைத்தெண்ணுகிறது. குமரகுருபரரின் நீதிநெறி விளக்கம் கருமமே கண்ணாயினார் உடல் வருத்தத்தையும் பசியையும் உறக்கத்தையும் பொருட்படுத்தார் என்கிறது. இவை சோம்பலைக் கடிந்தும் ஊக்கத்தைப் போற்றியும் எழுந்தவை. இயல்பான இராத்துயிலை விலக்கச் சொன்னவை அல்ல. சித்த மருத்துவ மரபோ இரவுறக்கத்தை இழப்பதனால் மனமயக்கமும் புலன் தெளிவின்மையும் நேரும் என எச்சரிக்கிறது. பகலுறக்கத்தை விலக்கி இரவுறக்கத்தைக் கொள்ளுதல் அம்மரபின் நாளொழுக்கம். பிற்காலத்தில் தேர்வுக்குப் படிக்கும் மாணவனுக்கு முன்னவை மட்டும் அறிவுரைகளாக எடுத்துரைக்கப்பட்டன, பின்னது நினைவூட்டப்படவில்லை.

3. 1857: குவிக்கப்பட்ட தீர்ப்பு

1857 செப்டம்பர் 5 ஆம் நாள் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களும் அதே ஆண்டில் தோன்றின. மூன்றும் அன்றைய இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டவை. கற்பித்தல் இணைப்புக் கல்லூரிகளின் பணி. பல்கலைக்கழகத்தின் பணி தேர்வு நடத்துவதும் பட்டம் வழங்குவதும். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சென்னைப் பல்கலைக்கழகம் ஒரு தேர்வு நிறுவனமாகவே இயங்கியது என்பது இதனால் விளங்கும்.

இப்பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவர். இருவரும் யாழ்ப்பாணத் தமிழர். ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை. மற்றொருவர் பின்னாளில் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் 1885 இலும், கலித்தொகையை 1887 இலும் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளை. தமிழ்ப் பதிப்பு வரலாற்றின் முன்னோடிகளுள் ஒருவர் புதிய தேர்வுமுறையின் முதல் விளைவுகளுள் ஒருவராகவும் இருப்பது குறிப்பிடத்தக்கது.

இப்புதிய முறையின் தன்மைகளை நான்காகத் தொகுக்கலாம். ஒன்று, இரண்டு அல்லது மூன்று ஆண்டுக் கல்வியின் மதிப்பு சில நாள்களில் எழுதப்படும் விடைத்தாள்களைச் சார்ந்தது. இரண்டு, விடைத்தாளை மதிப்பிடுபவர் மாணவரை அறியாதவர். மூன்று, தீர்ப்பு எண்ணாகவும் பட்டியலாகவும் பொதுவெளியில் அறிவிக்கப்பட்டது. நான்கு, அத்தீர்ப்பு அரசுப் பணி, வழக்கறிஞர் தொழில் ஆகியவற்றின் வாயிலைத் திறக்கவோ அடைக்கவோ செய்தது.

இவற்றுள் இரண்டாவது தன்மையின் நற்பயனையும் கூறுதல் நடுநிலையாகும். மதிப்பிடுபவர் மாணவரை அறியாமை, குடிப்பிறப்பும் பரிந்துரையும் செல்லாத ஒரு வாயிலைக் கோட்பாட்டளவிலேனும் திறந்து வைத்தது. பின்னாளில் ஒடுக்கப்பட்ட சமூகத்தினரும் பெண்களும் அவ்வாயில் வழியே நுழைந்தனர். ஆகவே தேர்வை முற்றிலும் தீமை எனக் கொள்வது வரலாற்றுக்கு ஒவ்வாது. சுமை எழுந்தது மதிப்பீட்டினால் அன்று, மதிப்பீடு குவிக்கப்பட்ட முறையினால் எனக் கொள்வதே பொருந்தும்.

4. விளக்கும் காப்பியும்

தீர்ப்பு ஒரு நாளில் குவியும்போது அந்நாளுக்கு முந்தைய இரவுகள் விலைமதிப்பு மிக்கவையாகின்றன. அவ்விரவுகளைப் படிப்புக்குரியவையாக்கிய பொருள்கள் இரண்டு: ஒளியும் காப்பியும்.

ஆமணக்கெண்ணெயும் நல்லெண்ணெயும் எரிந்த அகல்விளக்கில் நெடுநேரம் அச்சிட்ட நூலைப் படித்தல் அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மண்ணெண்ணெயும் கண்ணாடிச் சிமினி விளக்கும் பரவிய பின்னரே சாதாரண இல்லங்களில் இராப்படிப்பு இயல்வதாயிற்று. சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான சர் டி. முத்துசாமி ஐயர் (1832–1895) தெருவிளக்கின் கீழ்ப் படித்தார் என்னும் செய்தி தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. அச்செய்தி அடைந்த பரவலே ஒரு சான்றாகும். இரவில் விழித்துப் படித்தவன் உயர்வான் என்னும் நம்பிக்கை அக்காலத் தமிழ்ச் சமூகத்தில் வேரூன்றியதை அது காட்டுகிறது. அரிக்கேன் விளக்கும் தெருவிளக்கும் முன்னேற்றத்தின் குறியீடுகளாகப் பாடநூல்களிலும் மேடைகளிலும் இடம்பெற்றன.

காப்பியின் வரலாறும் இதனோடு இணைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி தமிழ் நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாக ஆனதை ஆ.இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூலில் விளக்கியுள்ளார். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி இல்லங்களில் விருந்தோம்பலின் பொருளாக நுழைந்த அப்பானம் மாணவர்க்கு விழிப்பின் கருவியாகவும் பயன்பட்டது. காப்பியிலுள்ள காஃபீன் உடலில் பாதியளவு குறைவதற்கு ஏறத்தாழ ஐந்து மணிநேரம் ஆகும் என்பது இன்று அறியப்பட்ட உண்மை. இரவு பத்து மணிக்கு அருந்திய காப்பியின் ஒரு பகுதி விடியற்காலையிலும் உடலில் எஞ்சியிருக்கும். படிப்பை முடித்துப் படுத்த பின்னும் உறக்கம் வாராமைக்கு இது ஒரு காரணம்.

5. தோல்வி பெற்ற பெயர்

தேர்வுமுறை வெற்றியாளரை உருவாக்கியதைப் போலவே தோல்வியாளர் என்னும் வகையையும் உருவாக்கியது. ‘பி.ஏ. ஃபெயில்’ என்பது காலனியக் காலத்தில் ஏளனத்துக்கும் ஓரளவு மதிப்புக்கும் உரிய தகுதியாக வழங்கியது. தேர்ச்சி பெறாதவர் அத்தேர்வு வரை சென்றவர் என்பதை அத்தொடர் அறிவித்தது. அதே வேளையில் வாழ்நாள் முழுவதும் நீங்காத ஒட்டாகவும் இருந்தது.

இதன் மிகப் பெரிய எடுத்துக்காட்டு கணிதமேதை சீனிவாச ராமானுஜன் (1887–1920). 1904 இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்த அவர், கணிதம் தவிர்ந்த பாடங்களில் தேர்ச்சி பெறாமையால் அவ்வுதவித்தொகையை இழந்தார். 1905 இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் புறப்பட்டுச் சென்றார். 1906 இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் இருமுறை தோல்வியுற்றார். ஒரு பாடத்தில் தவறினால் முழுத் தேர்விலும் தவறியவராகக் கொள்ளும் விதி அவருடைய கல்லூரி வாழ்வை முடித்துவைத்தது. அவரைத் தேர்வில் தவறியவராக அறிவித்த அதே பல்கலைக்கழகம் 1913 இல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகையை அவருக்கு வழங்கியது.

ராமானுஜன் வரலாற்றைத் தேர்வுக்கு எதிரான வாதமாக மட்டும் பயன்படுத்துவது எளிது. அதனினும் கருதத்தக்கது அவர் பெற்ற மறுவாய்ப்பு. பல்கலைக்கழகம் தன் விதிக்குப் புறம்பாக ஒருவரை ஏற்கும் வழியைக் கண்டது. ஆனால் அவ்வழி அசாதாரணமான ஒருவருக்கு, செல்வாக்குடைய சிலரின் முயற்சியால் திறந்தது. சாதாரண மாணவர்க்கு அத்தகைய வழி எப்போது திறந்தது என்பதே சமூக வரலாற்றின் வினா.

6. சீர்திருத்த முயற்சிகளும் அவற்றின் எல்லையும்

தேர்வின் மிகையாதிக்கம் விரைவிலேயே உணரப்பட்டது. 1902 இல் அமைக்கப்பட்ட இந்தியப் பல்கலைக்கழகக் குழு, கற்பித்தலுக்குத் தேர்வு கட்டுப்படுவதற்கு மாறாகத் தேர்வுக்குக் கற்பித்தல் கட்டுப்பட்டிருப்பதைப் பெருங்கேடாகச் சுட்டியது. இதனையடுத்து வந்த 1904 ஆம் ஆண்டின் சட்டம் பல்கலைக்கழகங்கள் கற்பித்தலிலும் ஆய்விலும் ஈடுபட வழிசெய்தது.

1911 அளவில் சென்னை மாகாணத்தில் மெட்ரிகுலேஷன் தேர்வின் இடத்தில் எஸ்.எஸ்.எல்.சி. திட்டம் வந்தது. இன்று அது பொதுத்தேர்வின் பெயராகவே அறியப்படுகிறது. அதன் தொடக்க நோக்கம் வேறு. மாணவர் வகுப்பில் ஆற்றிய பணியின் பதிவையும் பொதுத்தேர்வு மதிப்பெண்ணையும் ஒரே சான்றிதழில் அருகருகே வைப்பதே அத்திட்டம். தீர்ப்பைக் காலத்தில் பரப்பும் முயற்சி அது. நாளடைவில் பொதுத்தேர்வு மதிப்பெண்ணே கணக்கில் கொள்ளப்பட்டு வகுப்புப் பதிவு பொருளிழந்தது.

விடுதலைக்குப் பின் எஸ். இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு (1948–49), உயர்கல்வியில் ஒரேயொரு சீர்திருத்தத்தை மட்டும் பரிந்துரைக்க நேரின் அது தேர்வுச் சீர்திருத்தமாகவே இருக்கும் என்னும் கருத்தை முன்வைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 1942 முதல் 1969 வரை பணியாற்றிய ஆ. இலட்சுமணசுவாமி முதலியாரும் அக்குழுவின் உறுப்பினர். 1978 இல் லயோலா கல்லூரி, சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஆகியவை தன்னாட்சி பெற்றபோது அகமதிப்பீடும் பருவமுறையும் வலுப்பெற்றன. இன்று பல இளநிலைப் படிப்புகளில் அகமதிப்பீட்டுக்கு 25, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75 என மதிப்பெண் பகிரப்படுகிறது. தவறிய தாளை மட்டும் அடுத்த பருவத்தில் எழுதலாம் என்னும் ஏற்பாடு, ‘அரியர்’ என்னும் சொல்லைத் தமிழ்நாட்டு மாணவரின் அன்றாட வழக்காக்கியது. கேலிக்குரிய சொல்லாக அது வழங்கினும், ராமானுஜன் காலத்தில் இல்லாத ஒரு கருணை அதில் உள்ளது என்பதை மறுக்க இயலாது.

ஆயினும் பருவமுறை சுமையைக் குறைத்த அளவுக்கு அதனைப் பெருக்கவும் செய்தது. ஆண்டுக்கு ஒருமுறை வந்த தேர்வுக்காலம் இருமுறை வரலாயிற்று. அகத்தேர்வு, ஒப்படைப்பு, செய்முறைத் தேர்வு, கருத்தரங்க உரை ஆகியவை பருவ இறுதியில் ஒரே வாரத்தில் வந்து குவிகின்றன. பரப்புவதற்கென வகுத்த முறை நடைமுறையில் மீண்டும் குவிப்பாகிறது.

7. உறக்கம் குறித்த அறிவியல்

தேர்வுமுறை பரவிய அதே காலத்தில் நினைவும் உறக்கமும் அறிவியலின் ஆய்வுப் பொருள்களாயின. ஜெர்மானிய உளவியலாளர் எர்மான் எப்பிங்காஸ் 1885 இல் மறதியின் போக்கை அளந்து வெளியிட்டார். 1924 இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் ஆகியோர் கல்லூரி மாணவர் இருவரைக் கொண்டு ஓர் ஆய்வு நிகழ்த்தினர். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்த பின் உறங்கியபோது மறதி குறைவாகவும், விழித்திருந்தபோது மறதி மிகுதியாகவும் இருந்தது. உறக்கத்தின்போது மூளை அன்று கற்றதை நிலைப்படுத்துகிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் பல வகையில் உறுதிப்படுத்தின. எனவே உறக்கத்தைக் குறைத்துப் பெறும் நேரம் முழு ஆதாயமன்று. படித்தது பதிவதற்குரிய நேரம் அதனால் இழக்கப்படுகிறது.

விழிப்பின் விலையை மற்றோர் ஆய்வும் காட்டுகிறது. 1997 இல் டாசன், ரீட் ஆகிய ஆஸ்திரேலிய ஆய்வாளர், ஒரு நாள் முழுவதும் உறங்காதவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.10 விழுக்காடு மதுவுடையவரின் செயல்திறனுக்கு ஒப்பாகக் குறைவதைக் கண்டனர். மது அருந்தித் தேர்வறைக்குச் செல்ல எந்த மாணவரும் துணியார். இரவு முழுதும் விழித்துச் செல்வதோ பெருமையாகக் கருதப்படுகிறது.

அழுத்தம் முழுவதும் தீமையானதன்று. 1908 இல் யெர்க்ஸ், டாட்சன் ஆகியோர் விலங்குகளிடம் நடத்திய ஆய்விலிருந்து வளர்ந்த கருத்து, மிதமான கிளர்ச்சி செயலை மேம்படுத்தும், மிகையான கிளர்ச்சி அதனைக் கெடுக்கும் என்பதாகும். கடினமான பணிகளில் இக்கேடு விரைந்து நேரும்.

திருப்புதல் முறை பற்றி 2006 இல் ரோடிகர், கார்ப்பிக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு நன்னூலோடு ஒப்பிடத்தக்கது. ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படித்தவர் ஐந்து நிமிடங்களுக்குப் பின் நடந்த சோதனையில் முன்னின்றனர். ஒருமுறை படித்து, பின் நூலைப் பாராமல் நினைவுகூர்ந்தவர் ஒரு வாரத்துக்குப் பின் நடந்த சோதனையில் முன்னின்றனர். முந்தைய இரவின் படிப்பு மாணவருக்கு நம்பிக்கையளிப்பதும், அந்நம்பிக்கை நிலையாமையும் இதனால் விளங்கும். பிறர்க்கு எடுத்துரைத்தலுக்கு அரைப்பங்கு அளித்த நன்னூலார் நினைவுகூர்தலின் ஆற்றலை அனுபவத்தால் அறிந்திருந்தார் எனக் கருத இடமுண்டு.

உறக்கம் வாராதார்க்கு மருத்துவ உளவியல் கூறும் வழி 1972 இல் ரிச்சர்டு பூட்சின் வகுத்த முறையிலிருந்து வளர்ந்தது. உறக்கம் வரும்போது மட்டும் படுத்தல், சற்றொப்ப இருபது நிமிடத்தில் உறக்கம் வாராவிடின் எழுந்து வேறிடம் சென்று அமைதியான செயலில் ஈடுபடுதல், படுக்கையில் படிப்பதைத் தவிர்த்தல், எப்போது உறங்கினும் காலையில் ஒரே நேரத்தில் எழுதல் என்பன அதன் கூறுகள். எளிமையும் பயனும் உடைய வழிகள் இவை. ஆயினும் இவற்றுக்குப் படுக்க ஓர் இடமும் படிக்க வேறோர் இடமும் தேவை. ஓரறை வீட்டில் ஐவர் வாழும் குடும்பத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, தொலைக்காட்சி அணைந்து தம்பி தங்கையர் உறங்கிய பின் வரும் நள்ளிரவே அமைதியான நேரம். அம்மாணவியிடம் பத்து மணிக்கு உறங்கச் சொல்வது அவளுடைய படிப்பு நேரத்தைப் பறிப்பதாகும். உறக்கமின்மையைத் தனிமனித ஒழுக்கத்தால் மட்டும் தீர்க்க இயலாமைக்கு இது தெளிவான சான்று. நூலகமும் விடுதிப் படிப்பறையும் கல்லூரி வகுப்பறையும் மாலையில் திறந்திருக்குமாயின் அவள் இரவு அவளுக்கு மீளும்.

8. செவிமடுக்கும் நகரம்

தேர்வுத் தோல்வி உயிரிழப்புக்குக் காரணமாவதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தன் ஆண்டறிக்கைகளில் தனிப் பிரிவாகவே பதிவு செய்து வருகிறது. 2022 ஆம் ஆண்டில் நாடெங்கும் தற்கொலையால் உயிரிழந்த மாணவர் 13,044 பேர் என அவ்வறிக்கை கூறுகிறது. இவற்றுக்குக் காரணங்கள் பல. தேர்வு அவற்றுள் ஒன்று. ஆயினும் கல்வித்துறை நேரடியாக மாற்றக்கூடிய காரணம் அதுவே.

சென்னையில் இதற்கான பொதுமுயற்சி 1986 இல் தொடங்கியது. மனநல மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் நிறுவிய ‘ஸ்நேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பு, பயிற்சி பெற்ற தன்னார்வலர் வழியே துயருற்றோருக்குச் செவிமடுக்கும் பணியை மேற்கொண்டது. அறிவுரை கூறாமல், தீர்ப்பளிக்காமல், கேட்டறிந்ததை வெளியிடாமல் கேட்பதே அதன் முறை. தீர்ப்பளிப்பதையே தொழிலாகக் கொண்ட தேர்வு நிறுவனத்துக்கு நேரெதிரான நிறுவனம் ஒன்று அதே நகரத்தில் தோன்றியது எனலாம்.

இவ்வியக்கத்தினர் வலியுறுத்திய மாற்றங்களுள் தலையாயது துணைத் தேர்வு. பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ ஓரிரு பாடங்களில் தவறிய மாணவர் ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்த நிலையை மாற்றி, குறுகிய காலத்தில் மீண்டும் எழுதி அதே ஆண்டில் மேற்படிப்பில் சேரும் ஏற்பாடு 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் வந்தது. ஒரு பாடத்தின் தோல்வி ஓராண்டின் இழப்பாகாமல் ஒரு மாதத்தின் தடையாகச் சுருங்கியது. 2017 இல் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில, மாவட்டத் தரவரிசை அறிவிக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. பட்டியல்வழிப் பொது அறிவிப்பு என்னும் 1857 இன் மரபில் இது ஒரு முறிவாகும்.

இதே காலகட்டத்தில் சட்டமும் மாறியது. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்துக்கு ஆளானவராகக் கொண்டு, தண்டனைக்கு மாறாகச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்குமாறு அரசைப் பணித்தது. 2022 அக்டோபர் 10 ஆம் நாள் தொடங்கிய தேசியத் தொலைமனநலத் திட்டத்தின் 14416 என்னும் எண் 104 உடன் மாணவர்க்குத் துணையாயிற்று. 2025 மார்ச்சில் உயர்கல்வி நிறுவன மாணவரின் மனநலம் குறித்து ஆராய உச்ச நீதிமன்றம் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. மாணவரின் மனஅழுத்தம் குடும்பத்தின் அந்தரங்கத்திலிருந்து நிறுவனத்தின் பொறுப்பாக மாறி வருவதை இவை காட்டுகின்றன.

முன்னுரையில் எழுப்பிய வினாவுக்கு இங்கு விடை கிடைக்கிறது. கல்வி அமைப்பு தன்னுள் செவிமடுக்கும் இடத்தை உருவாக்காத நிலையில் அப்பணி உடல்நலத் துறையிடம் சென்று சேர்ந்தது. தேனாம்பேட்டைக்கு வரும் அழைப்புகள் உடல்நலத் துறையின் வளர்ச்சியை மட்டுமன்றிக் கல்வித்துறையின் குறையையும் சுட்டுகின்றன.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

தேர்வுக்கால உறக்கமின்மை 1857 இல் நிலைபெற்ற குவிந்த மதிப்பீட்டு முறையோடு வளர்ந்தது. மண்ணெண்ணெய் விளக்கும் காப்பியும் அதனை இயலச் செய்தன. விழிப்பைப் போற்றும் அறமரபு தன் சூழலிலிருந்து பிரிக்கப்பட்டு அதற்கு நியாயம் கற்பித்தது.

காலத்திலும் மனிதரிடையேயும் கற்றலைப் பரப்பும் நன்னூல் முறையும், உறக்கம், நினைவுகூர்தல் ஆகியவை குறித்த தற்கால ஆய்வுகளும் பெரும்பாலும் ஒரே திசையைச் சுட்டுகின்றன.

1902 முதல் எழுந்த சீர்திருத்தங்கள் பலவும் தீர்ப்பைப் பரப்ப முயன்றவை. நடைமுறையில் மீண்டும் குவிப்பாகத் திரும்பியபோது அவை பயன் குன்றின. அரியர், துணைத் தேர்வு போன்ற மறுவாய்ப்பு ஏற்பாடுகளும் செவிமடுக்கும் சேவைகளும் மாணவரின் அச்சத்தை நேரடியாகத் தொட்டன.

இவற்றிலிருந்து கல்லூரி ஆசிரியர் மேற்கொள்ளத்தக்க செயல்கள் சில உள்ளன. ஒப்படைப்புகளின் இறுதி நாள்களைத் துறைகள் கூடிப்பேசிப் பிரித்து வைத்தல். பருவ இறுதியில் ஒரு பெரிய அகத்தேர்வுக்கு மாற்றாக வாரந்தோறும் மதிப்பெண் இல்லாத சிறு சோதனைகள் வைத்தல். திருப்புதல் வாரத்தில் மாணவர் குழுவாகக் கூடி ஒருவர்க்கொருவர் பாடம் சொல்ல வகுப்பறைகளை மாலையில் திறந்து வைத்தல். துணைவாய்ப்புகள் பற்றித் தேர்வுக்குப் பின்னர் அறிவிக்காமல் முன்னரே அறிவித்தல். 104, 14416 ஆகிய எண்களைத் தேர்வு நுழைவுச் சீட்டிலேயே அச்சிடுதல். இவற்றுள் எதற்கும் பெருநிதி தேவையில்லை. மாணவரின் உறக்கத்தைக் கற்பித்தலின் ஒரு பகுதியாக எண்ணும் மனப்பாங்கே தேவை.

தேர்வு நாளை வகுப்பவர்களும் வினாத்தாளை அமைப்பவர்களும் விடைத்தாளைத் திருத்துபவர்களும் ஆசிரியர்களே. ஆகவே மாணவர் விழித்திருக்கும் இரவுகளின் அளவைத் தீர்மானிப்பதில் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு.